உருக வேண்டிய ஈயம்

நான் ஒரு அடுப்பைப் பலமாக்கினேன். அதனால் ஒரு பெண்ணின் கை வெந்தது. பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். தகடு வெட்டுவது, தாங்கி வளைப்பது, பம்ப் பூட்டுவது எல்லாம் ஆறு மாதத்தில் கைக்கு வந்துவிடும். அதை எழுதிக் காகிதத்தை வீணாக்க மாட்டேன். எழுத்தும் எனக்குப் பெரிதாக வராது. மூன்றாம் வகுப்போடு சரி.

உலக யுத்த காலம். கப்பலில் வந்துகொண்டிருந்த மண்ணெண்ணெய்ப் பம்ப் அடுப்புகள் வராமல் நின்றுவிட்டன. கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் முதலாளி அதுவரை விளக்கும் புனலும் செய்து விற்றுக்கொண்டிருந்தார். அங்கே நான் தலைமை வேலைக்காரன்; பாஸ் என்று கூப்பிடுவார்கள். ஒரு நாள் ஒரு வெளிநாட்டு அடுப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"ராமையா பாஸ், இதைப் போல ஒண்டு செய்ய ஏலுமா?"

"கழட்டிப் பார்க்க விட்டா செய்யலாம்."

"கழட்டு. ஆனா திரும்பப் பூட்டித் தர வேணும். வீட்டு அடுப்பு. பூட்டாட்டி மனுசி என்னைக் கழட்டுவா."

கழட்டினேன். ஒவ்வொன்றையும் அளந்து அதைப் போலவே செய்தேன். கீழே எண்ணெய் நிரப்புகிற தாங்கி. அதன் தோளில் மிளகளவு ஒரு துளை. துளையை ஈயத்தால் அடைத்திருந்தார்கள். ஏன் துளை போட்டார்கள், போட்டதை ஏன் அடைத்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. நானும் துளை போட்டேன். நானும் ஈயம் வைத்தேன்.

அடுப்போடு இங்கிலீசில் அச்சடித்த ஒரு தாளும் இருந்தது. முதலாளி அதை ஒரு எழுத்துக் குறையாமல் திரும்ப அச்சடிக்கக் கொடுத்தார். மேலே எங்கள் பட்டறைப் பெயர் மட்டும் புதிது. பட்டறையில் ஒருவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. முதலாளிக்குக் கொஞ்சம் தெரியும். அவரும் வாசிக்கவில்லை. பெட்டிக்குள்ளே ஒரு தாள் கிடந்தால்தான் சனம் நம்பும் என்றார்.

அடுப்பு நன்றாகப் போனது. பிறகு திரும்பி வரத் தொடங்கியது. கிழமைக்கு இரண்டு மூன்று வரும். எல்லாவற்றுக்கும் ஒரே வியாதி. எரிந்துகொண்டிருக்கும்போது தோளிலிருக்கிற ஈயம் உருகி, காற்று சீறிக்கொண்டு போய், நெருப்பு அணைந்துவிடும். கொண்டுவந்தவர்கள் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். விருந்தாளியை வீட்டில் இருத்திவிட்டு வந்தேன் என்றார் ஒருவர். உன் அடுப்பை நம்பினதுக்கு விறகை நம்பியிருக்கலாம் என்றார் இன்னொருவர்.

ஈயம் பற்றவைப்பது பியதாச. என்னைவிடப் பத்து வயது இளையவன். சிங்களவன். அண்ணன் என்ற முறையில் என்னை அய்யே என்பான், தம்பி என்ற முறையில் நான் அவனை மல்லி என்பேன். கை சுத்தமான வேலைக்காரன். திரும்பி வந்த அடுப்புகளை அவன்தான் பார்ப்பான்.

"அய்யே, ஒண்டு கவனிச்சீங்களா? வாறது எல்லாம் தோசை வீட்டு அடுப்பு. இல்லாட்டி ரொட்டி வீட்டு அடுப்பு."

"தோசைக்கும் ஈயத்துக்கும் என்ன சம்பந்தம் மல்லி?"

"தெரியாது. கண்டதைச் சொன்னேன்."

"கண்டது போதும். வேலையைப் பார்."

இந்த இடத்தில் நில்லுங்கள். அவன் பாதி விடையைக் கையில் தந்தான். நான் அதைக் கீழே போட்டேன். எனக்கு வேண்டியிருந்தது விடை இல்லை. திரும்பி வருகிற அடுப்பு நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் சொன்னேன். இனி அந்தத் துளைக்கு ஈயம் வேண்டாம், பித்தளையால் பற்றுவை. பித்தளை அந்தச் சூட்டுக்கு உருகாது. பியதாச வைத்தான். அதற்குப் பிறகு ஒரு அடுப்புக்கூடத் திரும்பி வரவில்லை. முதலாளி தீபாவளிக்கு எனக்கு ஒரு நல்ல சாரம் எடுத்துத் தந்தார். நான் அதைக் கட்டிக்கொண்டு ஜிந்துப்பிட்டிக் கோயிலுக்குப் போனேன். பெரிய வேலை செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வருஷம் வெள்ளவத்தையிலிருந்து ஒருவர் வந்தார். கந்தோரில் கிளார்க். புதினப் பத்திரிகையில் சுற்றியிருந்ததைப் பிரித்து மேசையில் வைத்தார். எங்கள் அடுப்பின் தாங்கி. பலாப்பழம் பிளந்த மாதிரிப் பிளந்திருந்தது. மனைவி மகேஸ்வரி தோசை சுட்டுக்கொண்டிருக்கும்போது வெடித்ததாம். வலது கை முழங்கைவரை வெந்துபோய் ஆசுப்பத்திரியில் கிடக்கிறா. தாங்கியின் தோள் துண்டு மட்டும் இல்லை. அது குசினி யன்னலால் பறந்து ரயில் பாதைப் பக்கம் போய்விட்டது. தேடியும் கிடைக்கவில்லை.

முதலாளி பதறிப்போனார். ஆசுப்பத்திரிச் செலவு முழுக்கத் தான் பார்ப்பதாகச் சொன்னார்.

"நான் காசுக்கு வரேல்லை. ஏன் வெடிச்சதெண்டு சொல்லுங்கோ."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் தாங்கியைப் பார்த்தேன். எனக்குத் தெரியாது என்பது முழு உண்மை இல்லை. பித்தளை மேல் ஒரு சந்தேகம் இருந்தது. சொல்லவில்லை.

"சொல்ல மாட்டியளெண்டா புதுக்கடையில கேக்கிறன்" என்று பிளந்த தாங்கியைத் திரும்பச் சுற்றிக்கொண்டு போனார். அப்படித்தான் புதுக்கடை நீதிமன்றத்தில், கோட்டில், வழக்கு வந்தது.

எங்களுக்கு வழக்குப் பேசிய பிரக்கிராசியார் வயதானவர். முதலாளியையும் என்னையும் இருத்திவைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

"வெடிச்சபடியால் மட்டும் அடுப்பு பிழையெண்டு கோடு சொல்லாது. கத்தி வெட்டினா கத்தி பிழையோ? வாங்கினவ எதை நம்பி வாங்கினா, அந்த நம்பிக்கை நியாயமோ, அதைத்தான் பார்க்கும். அடுப்புச் சுடும் எண்டு அவவுக்குத் தெரியும். வெடிக்கும் எண்டு நினைச்சிருப்பாவோ?"

"அப்ப தோத்துப் போனமா?" என்றார் முதலாளி.

"பொறும். அவ அதைப் பாவிச்ச விதம் பிழையெண்டு காட்டலாம். அகலக் கல் வைக்கப்படாதெண்டு உங்கட தாளில கிடக்கு. நான் வாசிச்சனான். நீங்கள் வாசிச்சனீங்களோ?"

முதலாளி தலையைச் சொறிந்தார்.

"சரி. இன்னொரு வழியும் கிடக்கு. இந்த ஒரு அடுப்பு மட்டும் மற்றதுகளைப் போல இல்லையெண்டால் அது ஒரு ஆளின்ர கை பிழை. தண்டம் வரும். கட்டிப்போட்டு வீட்டை போகலாம். எல்லா அடுப்பும் இப்பிடித்தான் எண்டால் அது யோசிச்ச மூளையின்ர பிழை. பிறகு நீங்கள் வித்த ஒவ்வொரு அடுப்பும் ஒவ்வொரு வழக்கு."

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம். தாங்கியைப் பற்றவைத்தவன் அடியில் தன் அடையாளத்தைக் குத்துவான். வெடித்த தாங்கியின் அடியில் ஒரு மீன் இருந்தது.

"இந்த மீன் ஆர்?" என்று பிரக்கிராசியார் கேட்டார்.

"பியதாச" என்றார் முதலாளி. முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பாவம். பிள்ளைகுட்டிக்காரன். ஆனா பட்டறை மிஞ்ச வேணுமே."

பிரக்கிராசியார் என் பக்கம் திரும்பினார். "நீர்தான் சாட்சி. வரேக்க கடையிலயிருந்து ஒரு அடுப்பும் கொண்டு வாரும். நீதிபதிக்குக் காட்ட."

வழக்கு நாள் காலையில் கடைக்குப் போனேன். அலமாரித் தட்டில் மூன்று அடுப்பு இருந்தது. மூன்றும் பித்தளை. மூலையில் தூசி படிந்து பழைய அடுப்பு ஒன்று இருந்தது. ஈயம் வைத்தது. என் கை அதை எடுத்தது. ஒருவரும் சொல்லவில்லை. முதலாளிக்கு ஈயத்துக்கும் பித்தளைக்கும் வித்தியாசம் பார்க்கத் தெரியாது. பிரக்கிராசியாருக்கு அப்படி இரண்டு விதம் இருப்பதே தெரியாது. நான்தான் எடுத்தேன். ஏன் என்றால், பயம். ஈய அடுப்பைக் காட்டினால் பித்தளை என்ற பேச்சே வராது, பிழை மீன் குத்தியவன் தலையில் போய்விடும். துணியால் தூசியைத் துடைத்தேன்.

பியதாசவும் நானும் நடந்துதான் போனோம். பாதி வழியில் அவன் அடுப்பைப் பார்த்தான்.

"அய்யே, இது பழைய அடுப்பு நே?"

"ஓம்."

ஒரு மாட்டு வண்டிக்கு ஒதுங்கி நின்றோம்.

"வேலை போனா நான் கொலன்னாவைக்குப் போறேன். எண்ணெய்த் தாங்கிப் பக்கம் ஆள் எடுக்கிறாங்களாம். உங்களோட கோவம் இல்ல." வண்டி போனது. "ஆனா அய்யே, என் வீட்டுல போய் நான் பிழையா வச்சேன் எண்டு சொல்ல மாட்டேன். நான் பிழையா வைக்கல்ல. நீங்க சொன்ன மாதிரி வச்சேன்."

நான் அடுப்பை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தேன்.

மகேஸ்வரியை முதலில் கூப்பிட்டார்கள். சின்ன உருவம். கையில் கட்டு. குரல் மட்டும் நடுங்கவில்லை. எங்கள் பிரக்கிராசியார் எழும்பினார்.

"தோசைக்கல் அகலமோ?"

"ஓம்."

"அடுப்பின்ர தலையை மூடுற அளவுக்கு?"

"எங்கட வீட்டில ஆக்கள் ஆறு பேர். சின்னக் கல்லில சுட்டா கடைசி ஆள் மத்தியானம்தான் சாப்பிடுவார்."

பின்னால் வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார்.

"அகலக் கல் வைக்கப்படாதெண்டு தாளில் இருக்கே?"

"தாள் இங்கிலீசில கிடந்தது. இங்கிலீஷ் வாசிக்கிறவர் கந்தோருக்குப் போன பிறகுதான் நான் சமைக்கிறனான்." பிறகு நீதிபதியின் பக்கம் திரும்பினா. "ஐயா, தோசைக்கல்லு வைக்கேலாத அடுப்பைக் கொழும்பில ஆர் வாங்குவினம்?"

மொழிபெயர்ப்பு முதலியார் அதை இங்கிலீசில் சொன்னார். நீதிபதி எழுதிக்கொண்டார். நெடுநேரம் எழுதினார்.

அடுத்தது நான். பழைய அடுப்பு மேசையில் இருந்தது. எங்கள் பிரக்கிராசியார் தாளை எடுத்து, எச்சரிக்கை இருக்கிறது என்று காட்டுவதற்காக இங்கிலீசில் வாசித்தார். நீதிபதி சாட்சிக்கும் விளங்கட்டும் என்றார். முதலியார் தமிழில் சொல்லத் தொடங்கினார்.

"அகலமான பாத்திரம் வைத்தால் சூடு கீழே திரும்பித் தாங்கியில் படும். அப்போது தோளிலுள்ள ஈய அடைப்பு உருகி உள்ளே கூடிய அழுத்தத்தை வெளியே விடும். அடைப்பு உருகினால் அடுப்புப் பழுதென்று எண்ண வேண்டாம். உங்களைக் காப்பாற்றவே அது உருகியது. பாத்திரத்தை இறக்கி அடுப்பை ஆற விடவும். புதிய ஈயம் வைத்துக்கொள்ளவும்."

நாங்கள் விற்ற ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் அந்தத் தாள் கிடந்தது. என் கையாலேயே மடித்து வைத்திருக்கிறேன். அது என்ன சொன்னது என்பதைக் கூண்டில் நின்றுதான் முதல் தடவை கேட்டேன். ஏசிக்கொண்டு வந்தவர்களின் முகமெல்லாம் கண்ணில் வந்தது. அத்தனை பேரும் கை கால் சுகமாக வந்து ஏசிவிட்டுப் போனவர்கள்.

எங்கள் பிரக்கிராசியார் கேட்டார். "மேசையில இருக்கிறது உங்கட பட்டறையில செய்யிற அடுப்புத்தானே?"

ஓம் என்றால் முடிந்தது. அந்தச் சொல்லில் பொய்கூட இல்லை. எங்கள் பட்டறையில் செய்ததுதான். பியதாச கடைசி வாங்கில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். அவனைப் பார்த்து முடிவெடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். அந்த நேரம் அவனைவிட எனக்குத் தோசைக்கல்தான் பெரிதாகத் தெரிந்தது. அந்தக் காலையிலும் எத்தனை வீட்டில் அடுப்பு எரிந்திருக்கும் என்று யோசித்தேன்.

"செய்யிறதில்லை ஐயா. செஞ்சது. இது பழைய அடுப்பு. இதில ஈயம். பிறகு நான் பித்தளை வைக்கச் சொன்னேன். வெடிச்சதிலயும் பித்தளை. கடையில இருக்கிற எல்லாத்திலயும் பித்தளை."

பிரக்கிராசியார் தாளை மேசையில் வைத்துவிட்டு மெதுவாக உட்கார்ந்தார். அதற்குப் பிறகு நீதிபதியே கேட்டார்.

"ஏன் மாற்றினீர்?"

"திரும்பி வந்துகொண்டிருந்தது ஐயா."

"ஏன் திரும்பி வந்தது என்று பார்த்தீரா?"

"இல்லை."

"மாற்றச் சொன்னது யார்?"

"நான்."

"இந்தப் பழைய அடுப்பை இங்கே கொண்டுவரச் சொன்னது யார்?"

"அதுவும் நான்தான் ஐயா."

தீர்ப்பு சில கிழமை கழித்து வந்தது. தோற்றோம். முதலியார் எங்களுக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னதில் என் மனதில் நின்றது இவ்வளவுதான். பொருளைச் செய்தவன் என்ன நினைத்துச் செய்தான் என்பது முதல் கேள்வி இல்லை. அதை வாங்குகிற ஊரில் அதை எப்படிப் பாவிப்பார்கள், அப்படிப் பாவித்தால் எவ்வளவு பத்திரம் எதிர்பார்ப்பது நியாயம் என்பதுதான் கேள்வி. கொழும்பில் அடுப்பு விற்கிறவன் தோசைக்கல்லைத் தெரியாது என்று சொல்ல முடியாது. தாளில் எழுதிவிட்டேன் என்பதும் போதாது. வாசிக்க வேண்டியவருக்கு விளங்காத எச்சரிக்கை வெறும் காகிதம். அதுவும் ஒரு மிளகளவு ஈயம் தடுத்திருக்கக்கூடிய ஆபத்துக்கு. பியதாசவின் பெயர் தீர்ப்பில் ஓரிடத்தில் வந்தது. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்தவர் என்று.

வெளியே மரத்தடியில் நின்றோம். பிரக்கிராசியார் முதலாளியிடம் சொன்னார்.

"கோடு அந்த ஒரு அடுப்பைப் பற்றித்தான் சொன்னது. மற்றதுகளைத் தேடிப் போகச் சொல்லேல்லை. ஆனா இண்டையிலயிருந்து உமக்குத் தெரியாதெண்டு சொல்ல ஏலாது."

முதலாளி தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் என்னை ஏசப் போகிறார் என்று நினைத்தேன்.

"பாஸ், பட்டறையில ஈயம் கிடக்கா?"

"கிடக்கு."

"அப்ப நாளைக்குத் தொடங்கு."

என்னை ஏன் நிறுத்தவில்லை என்று பிறகு ஒரு நாள் அவரிடமே கேட்டேன். "உன்னை நிப்பாட்டினா எதில பித்தளை கிடக்குதெண்டு நான் ஆரைக் கேக்கிற?" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

அடுப்பை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூட்டிக் கொடுப்பது எங்கள் வழக்கம். அதனால் விலாசமெல்லாம் ஒரு கொப்பியில் இருந்தது. போவதற்கு முன்னால் தாளைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதினோம். முதலாளி அதை எடுத்துக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போகச் சொன்னார். போனேன்.

மகேஸ்வரி வாசலில் நின்று தாளை வாசித்தா. வெந்த கையில் தோல் இழுத்துப் பிடித்திருந்தது. இரண்டு விரல் முழுக்க மடங்கவில்லை.

"பாத்திரம் எண்டு போடாதேங்கோ. பாத்திரம் எண்டா சனம் பானையைத்தான் நினைக்கும். தோசைக்கல் எண்டு போடுங்கோ. ரொட்டிக்கல் எண்டும் போடுங்கோ."

எழுதிக்கொண்டேன்.

"ஈயம் உருகினா அடுப்பு பழுதில்லை எண்டதை முதல் வரியில போடுங்கோ. அடியில போட்டா ஒருத்தரும் வாசிக்க மாட்டினம்."

"சரி அம்மா. கை எப்பிடி?"

"தோசை சுடுறன். வட்டம்தான் வருகுதில்லை. இலங்கைப் படம் மாதிரி வருகுது." உள்ளே பார்த்துக் கூப்பிட்டா. "இஞ்சாருங்கோ, அடுப்புக்காரர் வந்திருக்கிறார். ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகட்டும்."

குடித்தேன்.

பிறகு பியதாசவும் நானும் வீடு வீடாகப் போனோம். எண்ணெயை வடித்துத் தாங்கியைத் தண்ணீர் விட்டுக் கழுவி, பித்தளையைத் துளைத்து எடுத்து, ஈயம் வைப்போம். சனம் சும்மா விடவில்லை. கொள்ளுப்பிட்டியில் ஒரு பெரிய வீட்டுச் சமையல்காரர் வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

"ஒரு வருசமா ஒரு குறையும் இல்லாம எரியுது. நீ வந்து ஓட்டை போடப் போறியா?"

"ஓம் ஐயா. இனிக் குறை வரும். ஈயம் உருகினா எங்ககிட்ட வாங்க, சும்மா வச்சுத் தாறோம்."

"நல்ல அடுப்பைக் கெடுக்க வீடு தேடி வாற ஆளை இப்பத்தான் காணுறேன்" என்று வழியை விட்டார்.

பியதாச எல்லோரிடமும் ஒரே வார்த்தைதான் சொல்லுவான். "அடுப்பு வெடிக்கிறதவிட ஈயம் வெடிக்கிறது நல்லம் நே?" சிங்களத்தில் சொல்லும்போது அதற்கு இன்னும் சிரிப்பார்கள். என்னைவிட அவனுக்குத்தான் கதவு சீக்கிரம் திறந்தது. நான் அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை. மத்தியானச் சோற்றுப் பார்சலை எப்போதும் அவன்தான் முதலில் பிரிப்பான். எனக்கு அது போதுமாயிருந்தது.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பொருளில் பலவீனமான இடம் கண்டால் உடனே பலப்படுத்தக் கை அரிக்கும். கையைக் கட்டிக்கொள்ளுங்கள். அதை அங்கே பலவீனமாக வைத்தவன் முட்டாள் இல்லை என்று நினைத்துப் பாருங்கள். முறைப்பாடு சொல்லி வருகிறவரிடம் என்ன சமைத்தீர்கள் என்று கேளுங்கள். பக்கத்தில் நின்று ஈயம் வைக்கிறவன் சொல்வதையும் கேளுங்கள்.

கொப்பியில் முடிந்த வீட்டு விலாசமெல்லாம் கோடிட்டு வெட்டினோம். ஒரு அடுப்பு மட்டும் மிச்சமிருந்தது. கொண்டுபோய்க் கொடுத்த வீட்டிலிருந்து ஆட்கள் குடிபெயர்ந்துவிட்டார்கள். மூன்று மாதம் விசாரித்தோம். அந்த நாட்களில் எங்கே நெருப்பு என்று கேள்விப்பட்டாலும் ஓடிப்போய் அடுப்பா என்று விசாரிப்பேன். கடைசியில் ஜிந்துப்பிட்டியில், என் வீட்டுக்கு நாலு ஒழுங்கை தள்ளி, துறைமுகத்தில் வேலை செய்கிற ஒருவர் வீட்டில் இருப்பதாகத் தெரிந்தது.

போனோம். அடுப்பு முற்றத்தில் இருந்தது. பர்னரைக் கழற்றிவிட்டு, தாங்கியின் மேல் ஒரு பூச்சட்டியை வைத்திருந்தார்கள். சட்டியில் ரோசாச் செடி. இரண்டு மொட்டு விட்டிருந்தது.

"எண்ணெய் எங்கண்ணே கிடைக்குது? வாங்கின ரெண்டாம் மாசமே நிப்பாட்டியாச்சு" என்றார் வீட்டுக்காரர். "உயரமும் அளவா இருந்துச்சு."

நான் சிரித்துவிட்டேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. போவோம் மல்லி என்று திரும்பினேன். பியதாச குந்தி உட்கார்ந்து பையை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, எரியாத அடுப்புக்கு எதுக்கு ஈயம்?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"யுத்தம் முடியும். எண்ணெய் வரும். பர்னர் வீட்டுலதானே இருக்கு?"

"இருக்கு. பரண்ல கிடக்கு."

"அப்ப ஒரு நாளைக்கு உங்க மனுசி பத்த வைப்பாங்க."

ரோசாச் சட்டியை நான் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். அவன் பித்தளையைத் துளைத்தெடுத்து ஈயம் வைத்தான். ஆறும்வரை இருவரும் காத்திருந்தோம். பிறகு சட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தோம்.